பேச்சு எந்த இடத்தில் உடைகிறது: வாய்ப்மானிட்டர் மென்பொருள் மதிப்புரை

அலுவலகத் தொலைபேசியில் "உங்கள் குரல் விட்டுவிட்டுக் கேட்கிறது" என்று ஒரு வாடிக்கையாளர் சொன்னால், அதைச் சரிசெய்ய வேண்டியவரிடம் பெரும்பாலும் எந்தத் தடயமும் இருப்பதில்லை. அழைப்பு முடிந்துபோயிருக்கும், இணைப்பு வழங்குபவர் தம் பக்கம் பழுதில்லை என்பார், உள் வலையமைப்பில் பிங் (இணைப்பைச் சோதிக்கும் சிறு செய்தி) அனுப்பிப் பார்த்தால் எல்லாம் சீராகவே தெரியும். எங்கள் அலுவலகம் இந்த நிலையில் வெகுநாள் திணறிய பிறகுதான் வாய்ப்மானிட்டரை நிறுவியது. ஓராண்டுக்கு மேல் அன்றாடம் அதைப் பயன்படுத்திய அனுபவத்திலிருந்து இதை எழுதுகிறேன்.

இது கணினி வலையமைப்பு வழியாகச் செல்லும் தொலைபேசி அழைப்புகளின் தரத்தைக் கண்காணிக்க, லினக்ஸ் சர்வரில் இயங்கும் மென்பொருள். வலையமைப்பு ஸ்விட்சின் வழியே செல்லும் தரவின் நகலைத் தரும் மிரர் போர்ட்டிலிருந்து படித்து, அழைப்பைத் தொடங்கி முடிக்கும் சிப் சமிக்ஞைகளையும் பேச்சைச் சுமக்கும் ஆர்.டி.பி. குரல் ஓட்டத்தையும் ஒன்றாகப் பொருத்தி, ஒவ்வோர் அழைப்பையும் மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் ஒரு பதிவாக எழுதி வைக்கிறது. தொலைபேசிக் கருவிகளிலோ அலுவலகத் தொலைபேசி இணைப்பகமான பி.பி.எக்ஸ்.ஸிலோ எதையும் மாற்ற வேண்டியதில்லை என்பது நிறுவும் நாளிலேயே பெரிய நிம்மதியைத் தந்தது.

இதன் உண்மையான வலிமை இழப்பை அது எண்ணும் விதத்தில் இருக்கிறது. குரலை எண்வடிவமாக்கும் ஜி.711 முறையில், வழக்கமான 20 மில்லி நொடித் துண்டுகளாகக் குரல் அனுப்பப்படும்போது, ஒரு திசையில் நொடிக்கு 50 பாக்கெட்டுகள் (தரவுப் பொதிகள்), அதாவது ஒரு நிமிடத்துக்கு 3,000 பாக்கெட்டுகள் செல்கின்றன. அவற்றில் 30 தொலைந்தால் இழப்பு 1 சதவீதம்தான். ஆனால் அந்த 30 ஆங்காங்கே சிதறித் தொலைந்தால் காது அதைப் பெரும்பாலும் உணராது. அடுத்தடுத்துத் தொலைந்தால் 0.6 நொடிக்குப் பேச்சே இல்லாமல் போய், ஒரு கணக்கு எண்ணின் இரண்டு இலக்கங்களோ "வேண்டாம்" என்ற சொல்லோ அதில் மறைந்துவிடும். சராசரியை மட்டும் காட்டும் கருவிக்கு இவை இரண்டும் ஒன்றே. வாய்ப்மானிட்டரோ ஒற்றையாகத் தொலைந்தவை எத்தனை, இரண்டிரண்டாகத் தொலைந்தவை எத்தனை, பத்து வரை தொடர்ந்து தொலைந்தவை எத்தனை என்று தனித்தனியாகக் கணக்கு வைக்கிறது.

எம்.ஓ.எஸ். எனப்படும் குரல்தர மதிப்பெண்ணையும் அது ஒன்றாகத் தராமல் மூன்றாகத் தருகிறது: ஒழுங்கற்ற இடைவெளியில் வரும் பாக்கெட்டுகளைச் சற்று நிறுத்திச் சீராக்கும் ஜிட்டர் பஃபர், நிலையாக 50 மில்லி நொடி கொண்ட கருவியில் எப்படிக் கேட்டிருக்கும், 200 மில்லி நொடி பஃபரில் எப்படி, 500 மில்லி நொடி வரை தன்னைத் தகவமைத்துக்கொள்ளும் பஃபரில் எப்படி என்று. முதல் மதிப்பெண் மட்டும் விழுந்திருந்தால் பாக்கெட்டுகள் வந்து சேர்ந்தன, ஆனால் தாறுமாறான இடைவெளியில் வந்தன என்று பொருள். மூன்றும் விழுந்திருந்தால் அவை வழியிலேயே தொலைந்தன என்று பொருள். இந்த ஒரு வேறுபாட்டை அறிவதற்கே முன்பெல்லாம் அரைநாள் செலவிட்டிருக்கிறேன்.

எங்கள் கிளை ஒன்றிலிருந்து காலை வேளைகளில் மட்டும் குரல் தேய்ந்து வந்தது. பதிவுகளைத் திசைவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, நாங்கள் பேசுவது அங்கே சரியாகப் போய்ச்சேர, அவர்கள் பேசுவது மட்டுமே சிதைவது தெரிந்தது. மற்றக் கிளைகளின் குரல் பாக்கெட்டுகள் குரலுக்கு உரிய டி.எஸ்.சி.பி. முன்னுரிமைக் குறி 46-உடன் வந்துசேர, இந்தக் கிளையினுடையவை முன்னுரிமையே இல்லாத 0 என்று வந்திருந்தன. அங்கே புதிதாக மாற்றிய ஸ்விட்ச், தொலைபேசிகள் இட்ட குறியை மதிக்கும்படி அமைக்கப்படவில்லை; அதனால் காலையில் கணக்குக் கோப்புகள் நகலாகும் நேரத்தில் குரலும் கோப்புகளோடு ஒரே வரிசையில் காத்துக் கிடந்திருக்கிறது. அமைப்பைத் திருத்திய மறுநாள் அதே நேரத்துப் பதிவுகளில் மூன்று மதிப்பெண்களும் உயர்ந்திருந்ததைப் பார்த்தபோதுதான் மனம் அமைதியடைந்தது.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். இந்த மதிப்பெண் பாக்கெட் இழப்பையும் தாமத மாறுபாட்டையும் வைத்து, பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐ.டி.யு.வின் ஜி.107 கணிப்பு முறையில் போடப்படுவது. எதிரொலியையும் மந்தமான மைக்கையும் அது அறியாது. ஆகவே நல்ல மதிப்பெண்ணைக் காட்டி, புகார் சொன்னவரைப் பொய்யராக்கிவிடக் கூடாது. மேலும், கண்காணிக்கும் சர்வர் இருக்கும் இடத்தைத் தாண்டிய பிறகு நேரும் இழப்பு அதன் கண்ணில் நேரடியாகப் படாது. எதிர்முனைக் கருவி, தனக்கு வந்த குரலின் நிலையைச் சொல்லும் ஆர்.டி.சி.பி. அறிக்கை அனுப்பினால்தான் அந்தப் பகுதி ஓரளவாவது தெரியும். கிளைகள் பலவாக இருந்தால் ஒவ்வொன்றிலும் பாக்கெட்டுகளைப் பிடிக்கும் ஒரு சென்சார் வைப்பதே சரி.

பாக்கெட்டுகளைப் பிடிக்கும் பகுதி திறந்த மூல மென்பொருளாகக் கிடைத்தாலும், அழைப்புகளைத் தேடவும் வரைபடங்களாகப் பார்க்கவும் உதவும் வலைமுகப்புக்கு உரிமம் வாங்க வேண்டும். அந்த முகப்பில் ஒரே திரையில் அடுக்கப்பட்டுள்ள நெடுவரிசைகள், புதிதாக வருபவரை மிரள வைக்கக்கூடியவை.

நிறுவும்போது தவறவிடக் கூடாத ஓர் அமைப்பு உண்டு. பேச்சின் ஒலியையே முழுமையாகச் சேமிக்கவும் இந்த மென்பொருளால் முடியும். ஆனால் தரத்தை அளக்க, ஒவ்வொரு பாக்கெட்டின் முன்பகுதியில் வரிசை எண்ணும் நேரமும் தாங்கிய ஆர்.டி.பி. தலைப்புகளே போதும் என்பதால், தலைப்புகளை மட்டும் சேமிக்கும்படி நாங்கள் அமைத்திருக்கிறோம். வட்டில் இடமும் மிச்சமாகிறது, பேசுபவர்களின் அந்தரங்கமும் காக்கப்படுகிறது. ஆர்.டி.பி.யின் பாதுகாப்பான வடிவமான எஸ்.ஆர்.டி.பி. முறையில் குரல் மறையாக்கப்பட்டாலும் தலைப்பு வெளிப்படையாகவே இருப்பதால் அளவீடு தடைபடுவதில்லை. ஆனால் சிப் சமிக்ஞையும் டி.எல்.எஸ். என்ற மறையாக்க முறையில் சென்றால், மறைநீக்கச் சாவியைத் தராமல் அழைப்பை அடையாளம் காண முடியாது.

பத்துப் பதினைந்து தொலைபேசிகள் மட்டுமே உள்ள அலுவலகத்துக்கு, புகார் வரும்போது பாக்கெட்டுகளை ஆராயும் இலவச மென்பொருளான வயர்ஷார்க்கில் பிடித்துப் பார்ப்பதே போதும். நாள் முழுதும் வாடிக்கையாளருடன் பேசுவதே தொழிலாக உள்ள இடங்களுக்கும், நேற்று மாலை நாலரை மணி அழைப்பைப் பற்றி இன்று பதில் சொல்ல வேண்டியவர்களுக்கும் வாய்ப்மானிட்டரைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.