டிஸ்க் போய்விட்டது என்று சொன்னால் உடனே காசு கொடுக்காதீர்கள்

திருகோணமலையில் கடை, ஹோட்டல், ஸ்டூடியோ என்று நடத்திக்கொண்டு சொந்தமாக ஒரு சேர்வரும் நாஸ் பெட்டியும் (நெட்வேர்க் வழியாகக் கோப்புகளைச் சேமித்து வைக்கும் டிஸ்க் பெட்டி) வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் வாசியுங்கள்.

எனக்கு உப்புவெளியில் ஃபோட்டோ ஸ்டூடியோ. கல்யாணப் படங்கள் எல்லாம் நாஸில் இருக்கின்றன, வெப்சைட் வின்டோஸ் சேர்வரில் ஐஐஎஸ் (வெப்சைட்டை ஓடவைக்கும் வின்டோஸின் மென்பொருள்) மூலம் நாஸில் உள்ள ஃபோல்டரிலிருந்து ஓடுகிறது, கனடாவில் இருக்கும் சொந்தக்காரர்கள் அங்கிருந்தே ஆல்பம் பார்ப்பார்கள். போன மாதம் கரண்ட் போய் வந்த பிறகு வெப்சைட் திறக்கவேயில்லை, 500.19 என்று பிழை காட்டியது. வழக்கமாக வரும் ரிப்பெயர்காரரைக் கூப்பிட்டேன். அவர் சேர்வரின் கறுப்புத் திரையில் நாஸோடு இணைக்கும் 'நெட் யூஸ்' கட்டளையை அடித்து, என் கொப்பியில் இருந்த பாஸ்வேர்டைப் போட்டார். பிழை 1326 என்று வந்தது. அதைப் போனில் படம் எடுத்து வைத்தேன், நல்லகாலம்.

"அண்ணை, ரெண்டு டிஸ்க்கும் முடிஞ்சுது, மாத்தத்தான் வேணும்" என்றார். பெட்டியில் இரண்டுக்கும் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கேட்டதற்கு, அது அப்படித்தான் காட்டும் என்றார். ஞாயிற்றுக்கிழமை ஆல்பம் கொடுக்க வேண்டும், 96,000 ரூபா கொடுத்தேன். படங்களைப் புது டிஸ்க்குக்கு ஏற்றிவிட்டு, பழையதைக் "குப்பை அண்ணை" என்று சொல்லிப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

பிறகு கொழும்பில் வேலை செய்கிற அக்காவின் மகன் வந்து அந்தப் படத்தைப் பார்த்தான். 1326 என்றால் பெயரோ பாஸ்வேர்டோ பிழை, அவ்வளவுதான். பாதை கிடைக்காவிட்டால் 53, அனுமதி இல்லாவிட்டால் 5. பழுதான டிஸ்க்கிலிருந்து படங்களை எப்படி முழுசாக ஏற்றினார் என்றும் கேட்டான், எனக்குப் பதில் இல்லை. நாஸின் பதிவைத் திறந்தால், அதற்கு முந்தைய மாதம் இதே ஆள் அப்டேட் செய்ய வந்த அன்றே பாஸ்வேர்ட் மாற்றப்பட்டிருக்கிறது. ஐஐஎஸ்ஸில், நாஸுக்குள் போகும் பெயரையும் பாஸ்வேர்டையும் போட்டு வைக்கிற 'கனெக்ட் ஆஸ்' என்ற இடத்தில் பழையதே கிடந்திருக்கிறது. ஏற்கெனவே இருந்த இணைப்பு அறுபடாதவரை தெரியவில்லை, கரண்ட் போய் சேர்வர் புதிதாக லொகின் செய்யப் போனதும் மாட்டிக்கொண்டது. புதுப் பாஸ்வேர்டை அங்கே போட்டு 'டெஸ்ட் செட்டிங்ஸ்' அழுத்திப் பார்த்திருந்தால் பத்து நிமிட வேலை.

அதைவிட எனக்கு வயிறு எரிவது வேறு. வெப்சைட்டை எப்படியாவது ஓடவைக்க ஃபோல்டரை எல்லாருக்கும் முழு அனுமதியோடு திறந்துவிட்டு, கோப்புகளைப் பகிரும் பழைய முறையான எஸ்எம்பி 1-ஐயும் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். 2017-இல் கோப்புகளைப் பூட்டிக் காசு கேட்ட வன்னாக்ரை வைரஸ் பரவியது அதன் ஓட்டை வழியாகத்தான். இரண்டையும் மூடிவிட்டு, படிக்க மட்டும் முடிகிற தனிக் கணக்கு ஒன்றை வெப்சைட்டுக்குக் கொடுத்தோம். சேர்வரில் நாஸ் ஃபோல்டருக்குப் போட்ட இசட் டிரைவ் திறக்கிறதே என்று யாராவது காட்டினாலும் நம்பாதீர்கள், அது லொகின் செய்த ஆளுக்குத்தான் தெரியும், ஐஐஎஸ்ஸுக்கு நாஸின் முழுப் பாதையையே கொடுக்க வேண்டும்.

பழைய டிஸ்க்குகளைக் கேட்டு அந்த ரிப்பெயர்காரரிடம் மூன்று தரம் போய் நின்றேன். ஒரு டிஸ்க் கிடைத்தது, மற்றது விற்றாயிற்றாம். அதில் எத்தனை வீட்டுப் பெண்பிள்ளைகளின் படங்கள் இருக்கின்றன! நீங்களும் இப்படிப் பழைய டிஸ்க்கைக் கொடுத்திருந்தால் இன்றைக்கே போய்க் கேளுங்கள்.