ரயில் பெட்டியா, தங்கக் கிடங்கா: எது பெரிய பாண்ட் படம்?

ஷான் கானரி நடித்த ஜேம்ஸ் பாண்ட் படங்களில் எது உச்சம் என்று ரசிகர்கள் பேசத் தொடங்கினால், பேச்சு சீக்கிரமே இரண்டு படங்களில் வந்து நிற்கும். ஒன்று 1963-இல் வந்த 'ஃப்ரம் ரஷ்யா வித் லவ்'. மற்றது அடுத்த ஆண்டே வந்த 'கோல்ட்ஃபிங்கர்'. நடுவில் ஒரே ஒரு வருடம்தான். இயக்குநர் டெரன்ஸ் யங் போய் கை ஹாமில்டன் வந்தார். உளவுப் படமாக இருந்தது அந்த ஒரு வருடத்தில் பாண்ட் படம் என்ற தனி வகையாகிவிட்டது. அந்த மாற்றம் லாபமா நஷ்டமா என்பதுதான் உண்மையான சண்டை.

நான் 'ரஷ்யா' கட்சி. ஆனாலும் 'கோல்ட்ஃபிங்கர்' கட்சிக்காரர்களிடம் பலமான வாதங்கள் இருக்கின்றன. அவற்றை முதலில் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

வில்லனின் திட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இயன் ஃபிளெமிங்கின் நாவலில் கோல்ட்ஃபிங்கர் அமெரிக்காவின் ஃபோர்ட் நாக்ஸ் கிடங்கிலிருந்து தங்கத்தைக் கொள்ளையடிக்கப் பார்க்கிறான். அந்தத் திட்டத்தில் உள்ள ஓட்டையைப் படத்தில் பாண்டே எடுத்துக் காட்டுகிறான்: பத்தாயிரத்து ஐந்நூறு டன் தங்கம், அறுபது ஆட்கள், இருநூறு லாரிகள், ஏற்றி முடிக்கப் பன்னிரண்டு நாள் ஆகும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறான். யார் எடுத்துக்கொண்டு போகப்போகிறார்கள் என்பதுதான் கோல்ட்ஃபிங்கரின் பதில். உள்ளே அணுகுண்டை வெடித்தால் அந்தத் தங்கம் 58 ஆண்டுகளுக்குக் கதிர்வீச்சில் கிடக்கும், யாரும் தொட முடியாது. அவனிடம் ஏற்கெனவே இருக்கும் தங்கத்தின் விலை பத்து மடங்காகும். 1964-இல் டாலரின் மதிப்பு, ஒரு அவுன்ஸ் தங்கத்துக்கு 35 டாலர் என்று தங்கத்தோடு கட்டப்பட்டிருந்தது. அந்தக் காலத்துப் பார்வையாளருக்கு இது வெறும் கற்பனைப் பயம் இல்லை. மூல நாவலைவிடத் திரைக்கதை புத்திசாலித்தனமாக அமைவது அபூர்வம். இங்கே அது நடந்திருக்கிறது.

அடுத்து பாண்டும் கோல்ட்ஃபிங்கரும் ஆடும் அந்த கோல்ஃப் ஆட்டம். எனக்குப் படத்தின் சிறந்த காட்சி அதுதான், பாண்டைக் கட்டிவைத்து லேசரால் அறுக்கப் பார்க்கும் காட்சிகூட அதற்கு அடுத்துதான். கோல்ட்ஃபிங்கரின் பந்து காணாமல் போகிறது. அவனுடைய வேலையாள் ஆட்ஜாப் தன் கால்சட்டை வழியாக இன்னொரு பந்தை நழுவவிட்டு, கிடைத்துவிட்டதாகக் காட்டுகிறான். ஆனால் தொலைந்த பந்து பாண்டின் காலடியில் இருக்கிறது! அதை வெளியே சொல்லாமல் ஆட்டத்தைத் தொடர்கிறான் பாண்ட். முடிவில் 1 என்று எண்ணிட்ட பந்துக்குப் பதில் 7 என்று எண்ணிட்ட பந்தைக் கைமாற்றி, விதிப்படியே எதிரியைத் தோற்கடிக்கிறான். துப்பாக்கி இல்லை, ஓட்டம் இல்லை. இரண்டு ஏமாற்றுக்காரர்கள் ஒருவரையொருவர் அளந்து பார்க்கிறார்கள், அவ்வளவுதான்.

கலை இயக்குநர் கென் ஆடத்தை ஃபோர்ட் நாக்ஸ் கிடங்குக்குள் விடவில்லை. அவர் பைன்வுட் ஸ்டூடியோவில் மனத்தால் கட்டிய கிடங்கில் தங்கக் கட்டிகள் கோயில் தூண்கள் போல உயரமாக அடுக்கியிருக்கும். எடை தாங்காது என்று நிஜத்தில் யாரும் அப்படி அடுக்க மாட்டார்கள். ஆனால் நம் கண்ணுக்கு வேண்டியது அந்த உயரம்தான். ஷெர்லி பாஸியின் பாடலோடு மோதுவதற்கு 'ரஷ்யா' படத்தில் ஒன்றும் கிடையாது. பாண்டின் கருவிகள் நிறைந்த ஆஸ்டன் மார்ட்டின் காரைப் பற்றி எல்லோரும் எழுதியாகிவிட்டது.

இவ்வளவு இருந்தும் ஏன் எனக்கு அது இரண்டாம் இடம்? இரண்டாம் பாதியில் பாண்ட் என்ன செய்கிறான் என்று வரிசையாக எழுதிப் பாருங்கள். பிடிபட்டுக் கிடக்கிறான். திட்டத்தை ஒளிந்திருந்து கேட்கிறான். ஒரு சீட்டு எழுதி, கிளம்பிப் போகிறவனின் சட்டைப்பையில் போடுகிறான். அந்த ஆளைக் காரோடு சேர்த்து நசுக்கிவிடுகிறார்கள், சீட்டும் போகிறது. கடைசியில் காரியத்தைத் திருப்பிப் போடுவது ஹானர் பிளாக்மன் நடித்த விமானியின் மனமாற்றம். அந்த மனமாற்றத்துக்கான காரணமாகப் படம் காட்டுவது, வைக்கோல் கொட்டகையில் அவள் மறுக்க மறுக்கப் பாண்ட் அவளைப் பலவந்தம் செய்யும் காட்சியை. அதை நான் மன்னிக்கத் தயாரில்லை. குண்டையும் பாண்ட் அணைப்பதில்லை. வேறொருவர் வந்து பொத்தானைத் தட்டுகிறார், எண் 007-இல் நிற்கிறது. கைதட்டத் தோன்றும், ஆனால் கதாநாயகன் பக்கத்தில் நின்று வேடிக்கைதான் பார்த்துக்கொண்டிருந்தான்.

'ரஷ்யா'வும் இந்த விஷயத்தில் சுத்தம் இல்லை. இரண்டு ஜிப்ஸிப் பெண்களைச் சண்டைக்கு விட்டு வேடிக்கை காட்டும் பகுதி, சோவியத் தூதரகப் பெண் தாத்யானாவை ரயிலில் பாண்ட் அறைவது, இரண்டையும் இன்று பார்த்தால் முகம் சுளிக்கும். கடைசி அரைமணியில் வரும் ஹெலிகாப்டரும் படகுத் துரத்தலும் நாவலில் இல்லாதவை, கதைக்கும் தேவைப்படாதவை.

ஆனால் இந்தப் படத்தில் எதிரிகள் வேலை செய்கிறார்கள். திட்டம் வகுப்பவன் ஒரு சதுரங்க மேதை. அவன் ஆடும் ஆட்டத்தின் இறுதி நிலை, 1960-இல் லெனின்கிராடில் ஸ்பாஸ்கி பிரான்ஸ்டைனை வீழ்த்திய ஆட்டத்திலிருந்து எடுக்கப்பட்டது. இஸ்தான்புல்லின் சோவியத் துணைத் தூதரகத்தில் இருக்கும் லெக்டர் என்ற சங்கேதக் கருவியைக் கொண்டுவருகிறேன் என்று தாத்யானா சொல்லி அனுப்புகிறாள். இது பொறி என்று லண்டனில் உள்ள பாண்டின் மேலதிகாரிகளுக்குத் தெரியும். தெரிந்தேதான் அவனை அங்கே அனுப்புகிறார்கள். உளவு வேலை என்பதே அதுதானே.

அங்கே அவனுக்குக் கிடைக்கும் துணை கெரிம் பே. அந்த வேடத்தில் நடித்த பெட்ரோ ஆர்மெண்டாரிஸ் படப்பிடிப்பின்போதே புற்றுநோயால் சாகக் கிடந்தவர். படம் வெளிவருமுன், 1963 ஜூனில், போய்விட்டார். அது தெரிந்தபின் அவர் சிரிக்கும் காட்சிகளைச் சாதாரணமாகப் பார்க்க முடியவில்லை. கெரிம் இறந்துவிட்டான் என்று பாண்ட் அறியும் இடத்தில் கானரி முகத்தில் வருகிற இறுக்கத்தை 'கோல்ட்ஃபிங்கர்' முழுக்கத் தேடினாலும் காண முடியாது.

பாண்டைக் கொல்ல எதிரிகள் அனுப்பும் ஆள், ராபர்ட் ஷா நடித்த கிராண்ட், படத்தின் பெரும்பகுதியில் வாயே திறப்பதில்லை. நிழல் போலப் பின்தொடர்கிறான். ஜிப்ஸி முகாமில் பாண்டின் உயிரைக் காப்பாற்றுவதுகூட அவன்தான், தான் கொல்லும் நேரம் வரும்வரை பாண்ட் பிழைத்திருக்க வேண்டுமே! ஸாக்ரெப் நிலையத்தில் ஆங்கிலேய உளவாளி வேடத்தில் ரயிலேறும்போதுதான் முதன்முதலாகப் பேசுகிறான். 'ஓல்ட் மேன்' என்று வாக்கியத்துக்கு வாக்கியம் ஒட்டுகிறான். மீனுக்குச் சிவப்பு ஒயின் கேட்கிறான். பாண்டுக்கு அது உறுத்துகிறது, ஆனால் உறுத்தலைப் புரிந்துகொள்வதற்குள் முழங்காலிட்டுத் துப்பாக்கி முனையில் இருக்கிறான். 'கோல்ட்ஃபிங்கர்' பாண்ட் மாட்டிக்கொள்ளும்போது அடுத்து எந்தக் கருவி வரும் என்று காத்திருக்கிறோம். இங்கே செத்துவிடுவானோ என்று பயப்படுகிறோம்.

இங்கேயும் ஒரு கருவி உண்டு, பாண்டின் கைப்பெட்டி. பூட்டை முறையாகத் திருப்பாமல் திறந்தால் முகத்தில் புகை வெடிக்கும். ஆனால் அதை எதிரியின் கையாலேயே திறக்கவைக்க வேண்டும். அதற்குப் பாண்டிடம் இருப்பது தங்க நாணயங்களும் கிராண்டின் பேராசையும்தான். ஒரு சிகரெட்டுக்கு விலை பேசுவதில் தொடங்குகிறான். புகை வெடித்ததும் விளக்கு உடைகிறது, நீல வெளிச்சத்தில் இருவர் திரும்ப இடமில்லாத ரயில் பெட்டிக்குள் புரள்கிறார்கள். பின்னணி இசை இல்லை. ரயில் சக்கரங்களின் சத்தமும் மூச்சிரைப்பும் மட்டும். தன்னைக் கொல்ல வந்த கம்பியாலேயே கிராண்டை முடிக்கிறான் பாண்ட். பிறகு கலைந்த டையைச் சரிசெய்து, கொடுத்த பணத்தைப் பிணத்திடமிருந்து திரும்ப எடுக்கிறான். இது இனி உனக்குத் தேவைப்படாது என்று மூச்சு வாங்கியபடி சொல்லிவிட்டு, கடைசியில் ஒட்டுகிறான்: 'ஓல்ட் மேன்'.