கூழுக்கு ஏற்ற ஒடியல் மா

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு சின்னக் கடையில் வாங்கிய ஒடியல் மா இது, அதாவது காயவைத்த பனங்கிழங்கை அரைத்த மா. பொதியில் பெரிய பெயர் ஒன்றும் இல்லை. பிரித்ததும் காய்ந்த பனங்கிழங்கின் வாசம் தூக்கலாக வந்தது, அதுவே எனக்குப் பாதி திருப்தி.

மாவைத் தண்ணீரில் ஊறவிட்டேன். அடியில் படிந்ததும் மேல் தண்ணீரை இறுத்து, திரும்பவும் புதுத் தண்ணீர் விட்டேன். கசப்பு போவதற்கு இது கட்டாயம். சில மாக்களில் எவ்வளவு இறுத்தாலும் நாக்கின் ஓரத்தில் ஒரு காறல் நிற்கும், இதில் அது இல்லை. அடியில் மண்ணும் இல்லை.

இனிக் கூழ்: பானையில் ஒரு பிடி அரிசி, பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, பயற்றங்காய். அவை அரைப்பதமானதும் பாரை மீன் தலை, நண்டு, இறால். அப்புறம் அரைத்த செத்தல் மிளகாய், மஞ்சள். பழப்புளியில் மாவைக் கரைத்துக் கடைசியில்தான் விட வேண்டும். விட்டதும் கை எடுக்காமல் துழாவினேன். ஒரு கட்டி விழவில்லை. கூழ் அகப்பையில் இருந்து மெதுவாக வழிந்தது, நண்டுக் காலில் நன்றாக ஒட்டிப் பிடித்தது. இறக்கும்போது ஒரு கை முருங்கை இலை. ஆறினால் இறுகும், சுடச்சுடக் குடித்துவிடுங்கள்.

குறை ஒன்று: அரைத்த திகதி பொதியில் இல்லை. பழைய ஒடியல் மாவில் பூச்சி விழும், வாசமும் போய்விடும். ஆகவே முகர்ந்து பார்த்து, சின்னப் பொதியாகவே வாங்குங்கள். மழைக்காலம் தொடங்கிவிட்டது, நான் இன்னும் இரண்டு பொதி எடுக்கப்போகிறேன்.