நீரிழிவால் விழித்திரை வீங்கினால் எந்தக் கண் ஊசி: பெவாசிசுமாபா, அஃப்ளிபெர்செப்டா?

நீரிழிவில் விழித்திரைக்கு ஒட்சிசன் குறைந்தால் அங்குள்ள முல்லர் கலங்கள், குருதிக்குழாய்களை வளரவைக்கும் வீஈஜிஎஃப் புரதத்தைக் கூடுதலாகச் சுரக்கும். குருதிக்குழாய் கசியும், விழித்திரையின் நடுப்பகுதியான மாக்குலா வீங்கும், யன்னல் கம்பி வளைந்து தெரியும். இரண்டு ஊசிகளும் இந்தப் புரதத்தைத்தான் பிடிக்கின்றன.

பெவாசிசுமாப் விலை குறைவு. ஆனால் அது புற்றுநோய்க்கென 4 மில்லிலீற்றர் போத்தலில் வருவது. கண்ணுக்கு 0.05 மில்லிலீற்றர் போதும் என்பதால் சிறு சிரிஞ்சுகளில் பிரிக்கிறார்கள். ஆபத்து அங்கேதான்: பிரிக்கும்போது கிருமி புகுந்தால் ஒரே நாளில் பல கண்கள் பாதிக்கப்படும். எங்கே பிரித்தது என்று கட்டாயம் கேளுங்கள்.

அஃப்ளிபெர்செப்ட் கண்ணுக்கென்றே தயாரானது, ஒரு ஊசிக்கு 2 மில்லிகிராம்; அதனால் இப்படிப் பிரிக்க வேண்டியதில்லை.

பார்வை 6/12 (மற்றவர் 12 மீற்றரில் படிப்பதை நீங்கள் 6 மீற்றரில்தான் படிக்கிறீர்கள்) என்றால் பெவாசிசுமாப் தாராளமாகப் போதும். 6/15 அல்லது அதற்கும் கீழென்றால், முதலாண்டில் அஃப்ளிபெர்செப்டே கூடுதலாக மீட்கும். கடன்பட்டு ஒன்றைப் போட்டு நிறுத்துவதைவிடத் தொடர்ந்து போடக்கூடியதே நல்லது.

ஊசிக்குப் பின் கண் சிவந்து, வலித்து, பார்வை மங்கினால் விடியும்வரை காத்திராமல் கொழும்பு லிப்டன் சுற்றுவட்டத்துத் தேசிய கண் வைத்தியசாலைக்கு ஓடுங்கள்.