போன் நல்ல போன்தான், கடைக்கு ஒரு ஸ்டார் போதும்

கோவை கிராஸ்கட் ரோட்டில் ஒரு பெரிய செல்போன் கடை, பல ஊர்களில் கிளை உள்ள கடை. பெயர் போடவில்லை, ஏனென்றால் கீழே சொல்வது அந்த ஒரு கடையில் மட்டும் நடக்கிற விஷயம் இல்லை என்பது செல்போன் வாங்கியவர்கள் எல்லாருக்கும் தெரியும். ஐந்துக்கு ஒன்று கொடுக்கிறேன், அந்த ஒன்றும் கடைசியில் போனை மாற்றிக் கொடுத்தார்கள் என்பதற்காக.

அப்பாவுக்கு 72 வயது. எட்டு வருடமாக ஒரே பட்டன் போன், அதில் 5-ஆம் நம்பர் பட்டன் தேய்ந்து நகத்தால் அழுத்தினால்தான் வேலை செய்யும். அக்கா பையன் பெங்களூரில் காலேஜ் சேர்ந்ததும், வீடியோ காலில் அவன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று அவரே வாயைத் திறந்து கேட்டார். எதையும் கேட்டு வாங்குகிற மனுஷர் இல்லை. அதனால் நானும் ஆன்லைனில் போட்டு முடித்துவிடாமல், கடைக்குக் கூட்டிக்கொண்டு போய் கையில் பிடித்துப் பார்த்து வாங்கட்டும் என்று நினைத்தேன்.

கிளம்பும்போது தினசரி காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து அதன் பின்பக்கம் நாலு வரி எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சத்தம் எவ்வளவு கேட்கும். எழுத்து பெரிசா வருமா. சார்ஜ் எத்தனை நாள் நிக்கும். ரிப்பேர் ஆனா எங்கே கொடுக்கணும். முதல் கேள்விக்குக் காரணம் இருக்கிறது. 31 வருடம் மில்லில் ஸ்பின்னிங்கில் பிட்டராக இருந்தவர், நூல் நூற்கிற ரிங் பிரேம் மெஷின்கள் ஓடுகிற ஹாலில் அத்தனை வருஷம் நின்று இடது காது பாதி போய்விட்டது. ஸ்பின்னிங்கில் வேலை பார்த்த பலருக்கும் இந்தக் கதைதான்.

சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி. உள்ளே ஏழெட்டுப் பையன்கள், ஒவ்வொருவர் சட்டையிலும் ஒவ்வொரு கம்பெனி பெயர். மூன்று பேர் ஒரே கவுண்டரில் குனிந்து ஒரு போனில் ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் எதிரே நின்றோம். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், நாலு நிமிடம் ஆயிற்று. "தம்பி" என்றேன். ஒருவர் தலையைத் தூக்காமல் விரலை மட்டும் தூக்கி "ஒரு நிமிஷம்ணா" என்றார். அந்த ரீல் முடிகிற வரைக்கும் நாங்கள் நின்றுதான் ஆக வேண்டியிருந்தது.

வாங்க என்று ஒரு வார்த்தை இல்லை. எடுத்ததும் "பட்ஜெட் எவ்வளவு?" பதினைந்தாயிரம் என்றதும் ஒரு போனை எடுத்து வைத்து, 50 மெகாபிக்சல், 120 ஹெர்ட்ஸ், 5ஜி என்று மனப்பாடமாகச் சொல்லி நிறுத்தினார். அப்பா சட்டைப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து விரித்து, "தம்பி, இதுல சத்தம் எப்படிங்க இருக்கும்?" என்று கேட்டார். கேட்டது அப்பா. பையன் என்னைப் பார்த்து, "அதெல்லாம் நல்லா இருக்கும்ணா" என்றார். எழுத்துப் பெரிசா வருமா என்று அப்பா அடுத்தது கேட்டார். அதற்கும் என்னைப் பார்த்து, "செட்டிங்ஸ்ல இருக்கும்ணா, நீங்க மாத்திக்குடுத்துருங்க." மூன்றாவது கேள்விக்கு அவர் தன் போனை எடுத்துவிட்டார், நோட்டிபிகேஷன் வந்திருந்தது. அப்பா தாளை மடித்துப் பைக்குள் வைத்ததைப் பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது. நாலாவது கேள்வியை அவர் கேட்கவே இல்லை.

எழுத்தைப் பெரிசாக்குவது செட்டிங்ஸில் டிஸ்பிளேவுக்குள் போய் ஒரு கோட்டை வலதுபக்கம் இழுக்கிற வேலை, பத்து வினாடி ஆகும். டெமோ போன் கையிலேயே இருக்கிறது. இழுத்துக் காட்டியிருந்தால் அப்பாவின் முகமே மாறியிருக்கும். டெமோவில் சிம் போடக் கூடாது என்றார், சரி, அது கடையின் விதி. ரிங்டோனை முழுச் சத்தத்தில் வைத்துக் காட்டலாமே? கடைசியில் நானே தேடி எடுத்து வைத்துக் காட்டினேன்.

பக்கத்து கவுண்டரில் வேறு கம்பெனி போன் ஒன்று கனமாக, கைக்கு அடக்கமாக இருந்தது, அப்பா அதைக் கேட்டார். "அது என் கவுண்டர் இல்லைங்க, அந்தப் பையன் டீக்குப் போயிருக்கான்." எட்டு பேர் நிற்கிற கடையில் அந்தப் போனைப் பற்றி வாயைத் திறக்க ஒருவர்கூட இல்லை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், இந்தக் கடைகளில் கம்பெனி பெயர் போட்ட டீசர்ட்டில் நிற்கிறவர்களில் பலர் கடையின் ஆட்களே இல்லை. ப்ரமோட்டர்கள். சம்பளம் தருவது அந்தந்த போன் கம்பெனியோ அது வைத்திருக்கிற ஏஜென்சியோதான், மாதத்துக்கு இத்தனை பீஸ் என்று டார்கெட் இருக்கும், தாண்டினால் பீஸுக்கு இவ்வளவு என்று இன்சென்டிவ். உங்களுக்கு எந்த போன் சரிப்படும் என்று பார்க்கிற வேலைக்கு அங்கே ஆளே வைக்கவில்லை. கடைக்குச் சம்பளச் செலவு மிச்சம், நமக்குக் கிடைப்பது எட்டு கம்பெனி ஆட்கள் நடுவே பதில் இல்லாத ஒரு கேள்வி.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. அப்பாவுக்கு முட்டி வலி, உட்கார இடம் தேடினேன். கடையில் ஒரே ஒரு ஸ்டூல், அதன்மேல் சார்ஜர் டப்பாக்கள் அடுக்கியிருந்தன. அந்தப் பையன்களுக்கும் உட்கார எதுவும் கிடையாது. கேட்டதற்கு, காலை பத்து மணியிலிருந்து நிற்கிறோம் என்றார் ஒருவர். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ பிரிவாகவே சேர்த்தாயிற்று, கேரளா 2018-லேயே செய்துவிட்டது. சட்டம் வந்து இத்தனை நாள் ஆகியும் இவ்வளவு பெரிய கடையில் நாலு நாற்காலி போடவில்லை என்றால் முதல் தப்பு முதலாளியுடையது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கால் வலிக்க நிற்கிறவரிடம் சிரித்த முகத்தை எதிர்பார்க்க முடியாது, நான் எதிர்பார்க்கவும் இல்லை. கேட்டவரின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வதற்குக் கால் வலி தடை இல்லை, அதைத்தான் சொல்கிறேன்.

அப்போதே கிளம்பியிருக்க வேண்டும். "வந்தது வந்துட்டோம், வாங்கிட்டே போயிரலாம் கண்ணு" என்றார் அப்பா. முதலில் காட்டிய போனையே எடுத்தோம், 13,999 ரூபாய்.

பில் போடுகிற இடத்தில் அடுத்தது. மொபைல் நம்பர் சொன்னால்தான் பில் வரும் என்றார்கள். வாடிக்கையாளரிடம் நம்பரைக் கட்டாயப்படுத்திக் கேட்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் துறை 2023 மே மாதமே கடைகளுக்குச் சொல்லியிருக்கிறது. அதைச் சொன்னேன். பில் போடுகிற பையன், "சிஸ்டம் எடுக்காதுங்க" என்று முடித்துக்கொண்டார். போனுக்கு வாரண்டி விஷயம் இருக்கிறதே என்று கொடுத்துத் தொலைத்தேன். பில்லைப் பார்த்தால் தொகை 15,997. கூட்டிப் பார்த்தேன், டேமேஜ் இன்சூரன்ஸ் 1,499, டெம்பர்டு கிளாஸ் 499. கேட்கவே இல்லை, சேர்த்துவிட்டார்கள். எடுக்கச் சொன்னதும் முகம் மாறிவிட்டது. "முதல்லயே சொல்லியிருக்கலாம்ல?" எதை முதலிலேயே சொல்ல? நீங்கள் கேட்காத ஒன்றை நான் எப்படி வேண்டாம் என்று சொல்வேன்? அந்த பில்லை கேன்சல் செய்து மறுபடி போட இருபது நிமிடம். அந்த இருபது நிமிடமும் அப்பா கண்ணாடி ஷோகேஸில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

நாங்கள் பார்ப்பதற்குள் டப்பா சீலைக் கிழித்தாயிற்று. புதிதாக போன் வாங்குகிறவர்கள் ஒன்று செய்யுங்கள், சீலை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள், போனில் *#06# அடித்தால் அந்த போனுக்கே உரிய 15 இலக்க ஐஎம்இஐ நம்பர் வரும், அது டப்பாவிலும் பில்லிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வெளியே வாருங்கள். நான் பார்த்தேன், பின்னால் வரிசையில் நிற்கிறார்கள் என்று அவசரப்படுத்தினார்கள், இருந்தாலும் பார்த்தேன். சரியாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பேரனோடு பேசிவிட்டு அப்பா சொன்னார், "காதுல வெச்சா கரகரங்குது, ஸ்பீக்கர் கிழிஞ்சிருக்கு." எனக்கு முதலில் தெரியவில்லை, சத்தத்தை முழுசாக வைத்தபோதுதான் கேட்டது. இத்தனைக்கும் பாதிக் காது போனவர். ரிங் பிரேமில் பேரிங் போயிருந்தால் சத்தத்தை வைத்தே எந்த இடம் என்று சொல்லிவிடுவார் என்று அவரோடு வேலை பார்த்தவர்கள் சொல்லி நானே கேட்டிருக்கிறேன்.

திங்கட்கிழமை மறுபடி கடைக்குப் போனோம். அதே பையன். "யாருகிட்ட வாங்குனீங்க?" என்றார். உங்களிடம்தான் தம்பி என்றேன். போனை வாங்கி ஒரு பாட்டு வைத்துக் கேட்டுவிட்டு, "நல்லாத்தான இருக்கு" என்றார். பாட்டு வருவது கீழே இருக்கிற ஸ்பீக்கரில், கரகரப்பது காதில் வைக்கிற ஸ்பீக்கரில் என்று சொன்னதும், அப்பா பக்கம் திரும்பி, முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்து, "யூஸ் பண்ணத் தெரியாம ஏதாவது அமுக்கிருப்பீங்க" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். மற்ற எல்லாவற்றையும் விட்டிருப்பேன். அப்பா ஒன்றும் பேசவில்லை, "அப்படிங்களா" என்று மட்டும் சொன்னார். இருபது இருபத்திரண்டு வயதுப் பையன், வீட்டில் அவனுக்கும் ஒரு தாத்தா இருப்பார்.

மேனேஜரைக் கேட்டேன். வந்தவருக்கும் முப்பதுக்குள்தான் வயது இருக்கும். விற்பதோடு எங்கள் வேலை முடிந்தது, சர்வீஸ் சென்டருக்குப் போங்கள், எங்கள் சிஸ்டத்தில் ரிட்டர்ன் ஆப்ஷனே இல்லை என்றார். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துப் பணத்தைக் கொடுக்க மறுப்பது முறையற்ற வணிக நடவடிக்கைகளில் ஒன்று. பில்லில் நாள் குறிப்பிட்டிருந்தால் அதற்குள், குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள் எடுத்தாக வேண்டும். பில்லைத் திருப்பிப் பார்த்தேன், நாள் எதுவும் போடவில்லை. இதைச் சொன்னபோது அவர் மறுத்துப் பேசவில்லை, அதற்காக ஒத்துக்கொள்ளவும் இல்லை, வேறு கஸ்டமர் பக்கம் போய்விட்டார்.

வெளியே வந்து பைக்கில் உட்கார்ந்தபடியே 1915-க்கு அடித்தேன். தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசுகிறார்கள். புகார் எண் எஸ்எம்எஸ்ஸில் வந்தது. செவ்வாய்க்கிழமை சர்வீஸ் சென்டரில் போனைச் சோதித்து, வாங்கும்போதே பழுது என்று டிஓஏ சர்டிபிகேட் எழுதிக் கொடுத்தார்கள், காதில் வைக்கிற ஸ்பீக்கர்தான் போயிருந்தது. அதையும் புகார் எண்ணையும் கொண்டுபோய் வைத்த பிறகு, வியாழக்கிழமை கடையில் புது பீஸ் கொடுத்தார்கள். மன்னிப்பு என்று யாரும் எதுவும் சொல்லவில்லை.

இந்தக் காலத்துப் பசங்களே இப்படித்தான் என்று கமென்ட் போட வருகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், நான் அப்படி நினைக்கவில்லை. போன் மாறி வந்த அன்று சாயங்காலம் கவர் வாங்க கணபதி பகுதியில் ஒரு சின்னக் கடைக்குப் போனோம், பத்துக்குப் பத்து இருக்கும். அங்கே நின்ற பெண்ணுக்கு இருபது வயதுகூட இருக்காது. அப்பாவைப் பார்த்ததும் தான் உட்கார்ந்திருந்த ஸ்டூலைத் தள்ளி, "உக்காருங்க ஐயா" என்றது. கவர் போட்டுப் பார்க்க அப்பா போனை எடுக்கச் சட்டைப் பையில் கைவிட்டபோது அந்தக் காலண்டர் தாளும் சேர்ந்து வந்து மேஜைமேல் விழுந்தது. எடுத்துக் கொடுக்கப்போன பெண், "இது போனுக்குங்களா ஐயா?" என்று கேட்டுவிட்டு, அந்த போனை வாங்கி எழுத்தைப் பெரிசாக்கி, போதுமா இன்னும் வேண்டுமா என்று அவரையே கேட்டுக் கேட்டு வைத்தது. சத்தத்தைக் கூட்டுகிற பட்டன் எது என்று அவர் விரலை வைத்தே காட்டியது. சார்ஜ் எத்தனை நாள் நிற்கும் என்பதற்கு, "எனக்குச் சரியாத் தெரியலைங்க, இருங்க கேட்டுச் சொல்றேன்" என்று கடைக்காரருக்கு போன் அடித்து, வீடியோ கால் பேசினால் ஒரு நாள், பேசாவிட்டால் ஒன்றரை நாள் என்று கேட்டுச் சொன்னது. நாலாவது கேள்விக்கு, சர்வீஸ் சென்டர் நம்பரை போனில் சேமித்து, பேரன் பெயருக்குக் கீழேயே வருகிற மாதிரி வைத்துக் கொடுத்தது. இவ்வளவுக்கும் நாங்கள் வாங்கியது 150 ரூபாய் கவர்.

பெரிய கடைப் பையன்களைவிட அந்தப் பெண்ணுக்குச் சம்பளம் அதிகம் இருக்க வாய்ப்பில்லை. யாரோ ஒருவர், அந்தக் கடைக்காரராக இருக்கலாம், உள்ளே வருகிற ஆளைப் பார், தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிக் கேட்டுச் சொல் என்று பழக்கியிருக்கிறார். கிராஸ்கட் ரோட்டில் லட்ச லட்சமாக வாடகை கட்டி, ஏசி போட்டு, எல்இடி போர்டு வைக்கிறவர்களால் அதைச் செய்ய முடியாதா? வேலைக்குச் சேர்த்த முதல் வாரம் டார்கெட்டைச் சொல்லித் தருகிற நேரத்தில், வயதானவர் வந்தால் எப்படிப் பேசுவது என்று அரை நாள் சொல்லித் தரலாம். நாலு ஸ்டூல் போடலாம், இரண்டு அவர்களுக்கு, இரண்டு எங்களுக்கு. எல்லா கம்பெனி போனும் தெரிந்த, கடையே சம்பளம் கொடுக்கிற ஒரே ஒரு ஆளையாவது வைக்கலாம். இந்த மூன்றையும் செய்தால் இந்த ஒரு ஸ்டாரை நானே வந்து மாற்றி எழுதுகிறேன்.

போன் இப்போது நன்றாக வேலை செய்கிறது. நேற்று இரவு அரை மணி நேரம் பேரனோடு பேசினார், காதில் வைத்தே.