அன்னமாகாத வாத்துக்கு எந்தப் புத்தகம்?

அக்கா மகனுக்கு ஒன்பது வயது. ஏழு வயதில் உதட்டோரம் மிளகளவு ஒரு வெள்ளை வந்தது. இப்போது விரல் நுனிகள், முழங்கால், இடது கண்ணைச் சுற்றி என்று பரவியிருக்கிறது. வெண்புள்ளி. தோலுக்கு நிறம் தரும் செல்கள் அங்கங்கே இல்லாமல் போவதால் வருவது, தொட்டால் ஒட்டாது. ஆனாலும் 'வெண்குஷ்டம்' என்று பழைய பெயரைச் சொல்லி ஒரு அடி தள்ளி உட்காருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். குஷ்டத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

"உனக்குத்தான் புத்தகமெல்லாம் தெரியுமே, அவனுக்கு ஏத்த மாதிரி ஏதாவது எடுத்துக் குடேன்" என்றாள் அக்கா. பார்த்ததும் தெரிகிற வித்தியாசத்தோடு வளரும் பிள்ளைகளைப் பற்றிய கதைகளாகத் தேடி எடுத்தேன். இந்தக் கோடை விடுமுறையில், ஆங்கிலத்தில் இருந்ததையெல்லாம் தமிழில் சொல்லிச் சொல்லியே படித்தோம். அவனுடைய தங்கையும் கூடவே இருந்தாள், ஐந்து வயது, வாய் ஓயாது.

எல்லாக் கதைக்கும் எலும்புக்கூடு ஒன்றுதான். ஒரு பிள்ளை மற்றவர்களைப் போல இல்லை, கேலி செய்கிறார்கள், ஒதுக்குகிறார்கள், கடைசியில் சேர்த்துக்கொள்கிறார்கள். படிக்கப் படிக்க எனக்கு ஒரே கேள்விதான் பெரிதாகிக்கொண்டே போனது. சேர்த்துக்கொள்வதற்கு அந்தப் பிள்ளையிடம் என்ன விலை கேட்கிறார்கள்? அந்த விலையை வைத்துத்தான் இவற்றை ஒப்பிடுகிறேன்.

முதலில் ஆண்டர்சனின் அழகில்லாத வாத்துக்குஞ்சு. 1843 நவம்பரில் கோபன்ஹேகனில் வெளிவந்த கதை. நம்மில் பலருக்கு இந்த வகையில் தெரிந்த ஒரே கதையும் இதுதான். படப்புத்தகச் சுருக்கங்களில் பாதிக் கொடுமையை வெட்டிவிடுகிறார்கள். மூலத்தில் பெற்ற தாயே 'நீ எங்காவது கண்காணாமல் போய்விட்டால் தேவலை' என்கிற நிலைக்கு வருகிறாள். வேட்டை நாய் முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போக, நாய்கூடக் கடிக்க யோசிக்கும் அளவுக்கு அவலட்சணமாக இருக்கிறேனா என்று குஞ்சு நினைக்கிறது. ஒரு கிழவி வீட்டில் கோழி 'உனக்கு முட்டையிடத் தெரியுமா?' என்று கேட்கும்; பூனை 'முதுகை வளைக்கத் தெரியுமா?' என்று கேட்கும். தெரியாதென்றால் வாயை மூடு. உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்வந்த யாருக்கும் இந்தக் கோழியையும் பூனையையும் தெரிந்திருக்கும்.

அவமானத்தை இவ்வளவு துல்லியமாக எழுதிய கதை இந்த வரிசையில் வேறு இல்லை. ஆண்டர்சன் ஒடென்சே ஊரில் செருப்புத் தைப்பவரின் மகன், நெட்டையான உருவம், நீளமான மூக்கு. தெரிந்துதான் எழுதியிருக்கிறார். ஆனால் முடிவு? குஞ்சு அன்னமாகிறது. அன்னத்தின் முட்டையிலிருந்து வந்திருந்தால், வாத்துப் பண்ணையில் பிறந்ததால் குறைவொன்றும் இல்லை என்கிறது கதை. எனக்கு 'குலத்தளவே ஆகும் குணம்' என்ற மூதுரை அடிதான் ஞாபகம் வந்தது. ரத்தம் கைகொடுத்தது, அவ்வளவுதான். பண்ணை வாத்துகள் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை. அடுத்த வசந்தத்தில் நிஜமாகவே அழகில்லாத வாத்து ஒன்று பொரிந்து வந்தால் அதையும் கொத்தத்தான் போகின்றன.

இதையெல்லாம் நான் யோசித்துக்கொண்டிருக்க, பையன் கேட்டான்: "அப்ப நான் பெரியவனானா இதெல்லாம் போயிடுமா சித்தி?"

சிகிச்சையில் சிலருக்கு நிறம் திரும்புகிறது, சிலருக்குத் திரும்புவதில்லை. அந்தப் புத்தகத்தை அன்றைக்கே மூடிவிட்டேன்.

அடுத்தது சிவப்பு மூக்கு மான் ரூடால்ஃப். 1939இல் சிகாகோவின் மான்ட்கோமரி வார்ட் என்ற பெரிய கடை, கிறிஸ்துமஸுக்கு வரும் குழந்தைகளுக்கு இலவசமாகக் கொடுக்க ஒரு சின்னப் புத்தகம் கேட்டது. எழுதியவர் அதே நிறுவனத்தில் விளம்பர வாசகம் எழுதிக்கொண்டிருந்த ராபர்ட் எல். மே. அந்தக் கோடையில்தான் அவருடைய மனைவி புற்றுநோயில் இறந்தார். வீட்டில் நாலு வயது மகள். அப்படிப்பட்ட நாட்களில் எழுதிய கதை, முதல் வருடமே சுமார் 24 லட்சம் பிரதிகள் போனது. 1949இல் பாட்டாகவும் வந்து உலகம் முழுக்கப் பரவியது. எழுதியவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. கதைமேல் கொஞ்சம் கோபமும் உண்டு.

ஏனென்றால் இங்கே விலை வெளிப்படையாகவே இருக்கிறது: பயன். பனிமூட்டம் வந்தது, கிறிஸ்துமஸ் தாத்தாவின் வண்டிக்கு வழி தெரியவில்லை, மினுங்கும் மூக்கு தேவைப்பட்டது, அதனால் ரூடால்ஃப் நல்லவன். நேற்றுவரை கேலி செய்தவர்கள் இன்று கொண்டாடுகிறார்கள். மன்னிப்பு மட்டும் யாரும் கேட்கவில்லை. "மறுநாள் பனி இல்லேன்னா?" என்று கேட்டான் பையன். நான் சொல்ல நினைத்ததை ஒரே வரியில் முடித்துவிட்டான்.

சென்னைத் தூலிகா பதிப்பகத்தின் 'கண்ணா பண்ணா'வும் ஏறக்குறைய இந்த வழியில்தான் போகிறது. ஜை விட்டேகர் எழுதியது. கண் தெரியாத கண்ணா குடும்பத்தோடு குகைக்குப் போகிறான், விளக்குகள் அணைந்துவிடுகின்றன, எல்லோரும் திணற அவன்தான் வெளியே கூட்டிவருகிறான். ஆனாலும் ரூடால்ஃபைவிட இதை ஒரு படி மேலே வைப்பேன். மூக்கு மினுங்குவது யாரோ கொடுத்த மந்திரம். இருட்டில் நடப்பது கண்ணா தினமும் செய்கிற வேலை, மற்றவர்கள்தான் அன்றைக்கு முதல்முறையாக அவனுடைய உலகத்துக்குள் வருகிறார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அது உடனே புரிகிறது. தங்கைக்காரி அன்று ராத்திரி கண்ணைக் கட்டிக்கொண்டு சமையலறைவரை போய்த் தண்ணீர்க் குடத்தில் முட்டிக்கொண்டாள்.

எல்மர் அவளுக்கு உயிர். டேவிட் மெக்கீயின் பலவண்ண யானை. 1968இல் முதலில் வந்து, 1989இல் மறுபடி வந்தபோதுதான் பெரிய அளவில் பரவியது. இதற்குப் பின்னால் ஒரு நிஜச் சம்பவம் உண்டு. மெக்கீயின் மனைவி ஆங்கிலோ இந்தியர். இங்கிலாந்தின் டெவன் பகுதியில் மகளோடு தெருவில் நடந்து போகும்போது, அந்தச் சிறுமியின் நிறத்தைப் பார்த்து ஒரு பையன் இழிசொல் ஒன்றை வீசினான். அதிலிருந்துதான் ஒட்டுத்துணிப் போர்வை போலக் கட்டம் கட்டமாக வண்ணம் போட்ட யானை வந்தது.

கதையில் எல்மரை யாரும் ஒதுக்குவதில்லை. எல்மருக்குத்தான் அலுத்துப்போகிறது. யானை நிறத்துப் பழங்களில் புரண்டு சாம்பல் நிறமாகித் திரும்பி வருகிறான். கூட்டத்தில் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை, யாரும் சிரிக்கவும் இல்லை. பொறுக்க முடியாமல் ஒரு கத்துக் கத்துகிறான்; மழை வந்து சாயம் கரைகிறது. அதற்கப்புறம் மெக்கீ செய்வதுதான் முக்கியம். வருடத்தில் ஒரு நாள் எல்லா யானைகளும் வண்ணம் பூசிக்கொள்கின்றன; எல்மர் மட்டும் அன்று சாம்பல் நிறம். நான் பார்த்தவரையில், கூட்டம் தன் தோலையும் மாற்றிக்கொண்டு பார்க்கிற கதை இது ஒன்றுதான். இங்கே அந்தப் பிள்ளையிடம் விலை என்று எதுவும் கேட்கவில்லை. அப்படித்தான் நானும் நினைத்திருந்தேன்.

மறுநாள் காலை தங்கைக்காரி முகப் பவுடரைத் தண்ணீரில் குழைத்து உதட்டோரத்திலும் விரல்களிலும் பொட்டுப் பொட்டாக வைத்துக்கொண்டு வந்து நின்றாள். "நானும் அண்ணா மாதிரி!" அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. பையன் மட்டும் முறைத்தான். "போய்க் கழுவு" என்றான். அவள் அழுதுகொண்டே போனதும் என்னிடம் சொன்னான், "அவளுக்குக் கழுவினா போயிடும்ல."

எல்மர் இன்னமும் எனக்குப் பிடிக்கும். ஐந்து வயதுக்கு அதைவிட நல்ல புத்தகம் தெரியாது. ஆனால் அது மற்ற யானைகளுக்கான புத்தகம் என்று இப்போது தோன்றுகிறது. வகுப்பில் வாசிக்கலாம், நாற்பது பேருக்கு ஒரே நேரத்தில். அந்த ஒரே பிள்ளையிடம் தனியாகக் கொடுத்து 'உனக்காக வாங்கினேன்' என்று சொல்வதற்கு யோசிக்க வேண்டும்.

இனி நிஜமான போட்டி. 'வொண்டர்', 'எல் டெஃபோ' இரண்டும் எட்டு ஒன்பது வயதுக்கு மேலே. பெரும்பாலான பெற்றோர் முதலில் வாங்குவது வொண்டரைத்தான். நானும் அதைத்தான் முதலில் எடுத்தேன்.

ஆர். ஜே. பலாசியோ எழுதி 2012இல் வந்தது வொண்டர். எழுதியவரின் சொந்தக் குற்ற உணர்ச்சிதான் இதற்கு வித்து. ஐஸ்கிரீம் கடை வாசலில் முகம் வேறுவிதமாக இருந்த ஒரு சிறுமியைப் பார்த்து அவருடைய சின்ன மகன் அழ, அவசர அவசரமாகப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார். அப்புறம் அது மனதை அரித்தது. இந்தத் தகவல் தெரிந்தபின் புத்தகம் வேறு மாதிரி தெரிகிறது. இழுத்துக்கொண்டு போன தாயின் பக்கத்திலிருந்து எழுதப்பட்டது என்பது பக்கத்துக்குப் பக்கம் புலப்படுகிறது.

ஆகி என்கிற ஆகஸ்ட் புல்மேனுக்குப் பத்து வயது, முகத்தின் எலும்புகள் சரியாக அமையாமல் பிறந்தவன், இருபத்தேழு அறுவை சிகிச்சைகள் முடிந்திருக்கின்றன. முதல்முறையாகப் பள்ளிக்கூடம் போகிறான். அங்கே பிள்ளைகள் ஒரு விளையாட்டு வைத்திருக்கிறார்கள்: தெரியாமல் ஆகியைத் தொட்டுவிட்டால் முப்பது விநாடிக்குள் கை கழுவ வேண்டும், இல்லாவிட்டால் கொள்ளைநோய் ஒட்டிக்கொள்ளும். இதைப் படித்தபோது பையன் ஒன்றும் பேசவில்லை. பக்கத்தைத் திருப்பவும் விடவில்லை. திரும்ப ஒருமுறை படிக்கச் சொன்னான். தன் பள்ளியில் நடந்ததா என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

அந்த இடத்துக்காகவே இந்தப் புத்தகத்துக்கு மதிப்பெண் கொடுக்கலாம். இன்னொரு பலம், கதை பல குரல்களில் வருவது. ஆகியின் அக்கா வயாவின் பகுதிதான் எனக்கு மிகவும் பிடித்தது. தம்பியைச் சுற்றியே வீடு சுழல்கிறது, தன் கவலையைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது, தம்பிமேல் பாசமும் குறையவில்லை. கூடப்பிறந்தவர்களின் இந்தத் தனிமையை எழுதுகிறவர்கள் குறைவு. சம்மர் என்ற பெண் யாரும் சொல்லாமல் சாப்பாட்டு மேஜையில் ஆகியின் எதிரே வந்து உட்காருவதும் அழகு. வேறு மூன்று பிள்ளைகளோ, தலைமையாசிரியர் கேட்டுக்கொண்டதால்தான் அவர்கள் முதலில் ஆகியோடு பேசினார்கள்.

சிக்கல் முடிவில். பள்ளி விழாவில் ஆகிக்குப் பதக்கம். அரங்கமே எழுந்து நின்று கைதட்டுகிறது. எதற்காக? ஒரு வருடம் தினமும் பள்ளிக்கு வந்து மற்றவர்களின் மனதைத் தொட்டதற்காக. இங்கே கேட்கப்படும் விலை பொறுமை. ஆகி பொறுத்துக்கொண்டான், மற்றவர்கள் நல்லவர்களானார்கள், பதக்கம் கிடைத்தது. மூக்கு மினுங்குவதற்குப் பதில் மனசு மினுங்குகிறது, வேறென்ன? பொறுக்காமல் ஒருநாள் திருப்பி அடித்திருந்தால் பதக்கம் வந்திருக்குமா என்று யோசித்துப் பார்த்தேன். 2017இல் படமாக எடுத்தபோது, சாதாரண முகமுள்ள சிறுவனுக்கு ஒப்பனை போட்டுத்தான் ஆகியாக நடிக்க வைத்தார்கள். முகத்தில் நிஜமாகவே வித்தியாசம் உள்ளவர்கள் அதைக் கேள்வி கேட்டார்கள். நியாயமான கேள்வி.

'எல் டெஃபோ' 2014இல் வந்தது. சீசீ பெல் தன் சிறுவயதையே படக்கதையாக வரைந்திருக்கிறார். நாலு வயதில் மூளைக்காய்ச்சல், அதோடு கேட்கும் திறன் போய்விடுகிறது. பள்ளிக்கு மார்பில் பட்டை போட்டுக் கட்டிக்கொள்ளும் பெரிய கருவி ஒன்று. ஆசிரியை கழுத்தில் ஒரு மைக். எல்லாப் பாத்திரங்களும் முயல்கள். முயலுக்கு அடையாளமே காதுதான் என்பதை யோசித்தால் இது எவ்வளவு குறும்பான தேர்வு என்று தெரியும். கருவியின் பேட்டரி தீரத் தீரப் பேச்சுக் குமிழிக்குள் எழுத்து மங்கிக்கொண்டே போய் வெறுமையாகிறது. காது கேளாமை எப்படி இருக்கும் என்பதைப் பக்கம் பக்கமாக விளக்கத் தேவையில்லாமல் செய்துவிடுகிறது அந்த ஒரு உத்தி.

ஆசிரியை மைக்கைக் கழற்ற மறந்து கழிப்பறைக்குப் போக, சீசீக்கு எல்லாம் கேட்கிறது. இந்த இடத்தில் அண்ணனும் தங்கையும் சிரித்த சிரிப்பில் அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்து எட்டிப் பார்த்தாள். அந்தச் 'சக்தி'க்காகத்தான் அவள் தன்னை எல் டெஃபோ என்ற சூப்பர் ஹீரோவாகக் கற்பனை செய்துகொள்கிறாள். டெஃபோ, அதாவது 'செவிடு' என்று தொலைக்காட்சியில் கேட்ட வசைச் சொல்லையே எடுத்துச் சூட்டிக்கொள்கிறாள்.

இதில் கெட்டவர்கள் யாரும் இல்லை என்பதுதான் பெரிய விஷயம். ஜின்னி என்ற தோழி நல்லவள்தான். ஆனால் சீசீயிடம் மட்டும் சத்தமாக, நிறுத்தி நிறுத்திப் பேசுவாள். எரிச்சலாக இருக்கிறது. சொல்லவும் முடியவில்லை. வீட்டுக்கு வரும் ஒவ்வொரு அத்தையும் மாமியும் அக்கா மகனின் கையைப் பிடித்து, "சரியாயிடும்டா கண்ணா, கீழாநெல்லி அரைச்சுப் போடு" என்று சொல்வதை நினைத்துக்கொண்டேன். வொண்டரில் ஜூலியன் என்ற எதிரி இருக்கிறான், அவனை வெறுத்துவிடலாம். ஜின்னிகளை என்ன செய்வது? அவர்களோடுதான் வாழ்க்கை.

குறை இல்லாமல் இல்லை. ஆசிரியை வரும் சத்தத்தை முன்கூட்டியே கேட்டு வகுப்பை எச்சரித்து சீசீ பிரபலமாகிற இடத்தில் ரூடால்ஃப் எட்டிப் பார்க்கிறான். ஆனால் அந்தச் சக்தி தெரிவதற்கு முன்பே மார்த்தா அவளுக்குத் தோழியாகிவிட்டாள். அந்தப் பெண் எந்தப் பயனையும் கேட்கவில்லை. இன்னொன்று, சைகை மொழி கற்றுக்கொள்ள சிறுமி சீசீ முரண்டு பிடிக்கிறாள். அதைப் படித்து ஒரு குழந்தை தப்பாக எடுத்துக்கொள்ளக்கூடும். நூலின் பின்னுரையில் இது தன் ஒருத்தியின் அனுபவம் மட்டுமே, காது கேளாதவர்கள் பல விதமாக வாழ்கிறார்கள் என்று சீசீ பெல்லே எழுதியிருக்கிறார். பெரியவர்கள் அதையும் சேர்த்துப் படித்துக் காட்டுவது நல்லது.

ஆக, ஐந்து வயதுக்கு எல்மரும் கண்ணா பண்ணாவும். வகுப்பறைக்கு, ஆசிரியர் கூட இருந்து பேசுவதென்றால், வொண்டர். வித்தியாசத்தைச் சுமக்கிற பிள்ளையின் கையில் கொடுக்க எல் டெஃபோ. ஆண்டர்சனைப் பதினைந்து வயதுக்கு மேல் முழு மூலத்தோடு படிக்கட்டும். அப்போது அந்தக் கோழியும் பூனையும் இன்னும் நன்றாகப் புரியும்.

விடுமுறை முடிந்து ஊருக்குக் கிளம்பும்போது புத்தகங்களை அடுக்கினேன். ஒன்று குறைந்தது. பையனின் பள்ளிப் பைக்குள் முயல் காது நீட்டிக்கொண்டிருந்தது. முதல் பக்கத்தில் என் பெயரை அடித்துவிட்டுத் தன் பெயரை எழுதியிருந்தான். பக்கத்தில் சின்னதாக ஒரு முயல், வாயோரம் மட்டும் வண்ணம் தீட்டாமல் விட்டிருந்தான்.