தனியாக வந்த பெண்ணுக்கு அறை உண்டா? குமரிக் கடற்கரையில் ஒரு பயணம்

இரணியல் பக்கம் இருந்த எங்கள் வீடு கைமாறிவிட்டது. அம்மாவும் இல்லை. அதனால் இந்த முறை டொராண்டோவிலிருந்து ஊருக்குப் போனபோது சொந்தக்காரர் வீடுகளில் பெட்டியை இறக்காமல், கன்னியாகுமரியிலும் முட்டத்திலும் அறை எடுத்துத் தங்குவதென்று முடிவு செய்தேன். ஐம்பதைத் தாண்டிய பெண், துணைக்கு யாரும் இல்லை, கையில் கனடா பாஸ்போர்ட். இப்படி வருபவருக்கு நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் எது எளிதாகக் கிடைக்கிறது, எதற்கு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது என்பதை, தனியாக வர நினைத்துத் தயங்கும் பெண்களுக்காக எழுதுகிறேன்.

மல்லுக்கட்ட வேண்டியது அறைக்குத்தான். கன்னியாகுமரியில் கடற்கரைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு லாட்ஜில் முதலில் கேட்டேன். அறை இருக்கிறது என்று சாவியை எடுத்தவர், "கூட யார் வருகிறார்கள்?" என்றார். யாரும் இல்லை என்றதும் சாவி மீண்டும் ஆணிக்குப் போய்விட்டது. "தனியாக வரும் பெண்களுக்குக் கொடுப்பதில்லை, அக்கா. பிரச்சினை வரும்." என்ன பிரச்சினை, யாருக்கு என்று கேட்டேன். பதில் இல்லை. அடுத்த இடத்தில் பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு மறுத்தார்கள். வெளிநாட்டுப் பாஸ்போர்ட் உள்ளவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் அரசுக்குத் தகவல் பதிய வேண்டும். அந்த வேலைக்குச் சிறிய லாட்ஜ்காரர்கள் பலர் அஞ்சுகிறார்கள். இந்த அச்சத்தைக்கூட என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. முதல் காரணத்தை ஏற்கவே முடியவில்லை. பெண் தனியாக அறை எடுக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

இதை நம் மாவட்டத்தில் கேட்க நேர்ந்ததுதான் எனக்குக் கூடுதல் வருத்தம். மண்டைக்காடு பகவதி அம்மன் கோயிலைப் பெண்களின் சபரிமலை என்கிறோம். மாசி மாதத் திருவிழாவான மாசிக் கொடைக்குக் கேரளத்திலிருந்து பெண்கள் இருமுடி கட்டி வருகிறார்கள். கோயிலில் தொழுதுவிட்டுக் கடலில் கால் நனைத்துப் போகிறார்கள். பெண்கள் பயணம் செய்து வருவதை ஒரு திருவிழாவாகவே கொண்டாடும் மண்ணில், ஒருத்தி மட்டும் வந்தால் சந்தேகப்படுவது எந்த ஊர் நியாயம்?

முட்டத்தில் நிலைமை வேறாக இருந்தது. நான் தங்கிய சிறிய விருந்தினர் இல்லத்தில் வரவேற்பு மேசையில் இருந்ததே ஒரு பெண். பாஸ்போர்ட்டையும் ஓ.சி.ஐ. (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான) அட்டையையும் படம் எடுத்து, காபி ஆறுவதற்குள் பதிவை முடித்துவிட்டார். கதவின் உள்தாழ்ப்பாளைப் போட்டுக் காட்டினார். இரவு எத்தனை மணிக்குத் திரும்பினாலும் அழைக்கச் சொல்லித் தன் எண்ணையும் கொடுத்தார். இவ்வளவுதான் வேண்டியிருக்கிறது. செலவு ஒன்றும் இல்லை.

பஸ் விஷயத்தில் நம் ஊரைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது. நாகர்கோவில் அண்ணா பேருந்து நிலையத்தில் நின்றால் கடற்கரை ஊர்களில் பெரும்பாலானவற்றுக்கு நேரடி பஸ் கிடைக்கிறது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. முகப்பில் இளஞ்சிவப்பு வண்ணம் அடித்திருந்தால் அந்த பஸ் என்று தெரிந்துகொள்ளலாம். வெளிநாட்டில் சம்பாதிக்கும் நான் இலவசமாகப் போவதா என்று கூச்சப்பட்டுப் பணத்தை நீட்டினேன். "பெண்களுக்கு டிக்கெட் இல்லை, அம்மா" என்று கட்டணமில்லாச் சீட்டைக் கையில் வைத்துவிட்டு நடத்துநர் அடுத்தவரிடம் போய்விட்டார்.

அந்த பஸ்ஸில் மீன் விற்கும் பெண்கள் காலிப் பாத்திரங்களோடு உட்கார்ந்திருந்தார்கள். 2021 டிசம்பரில் குளச்சலில் மீன் விற்கும் மூதாட்டி ஒருவரை, வாடை அடிக்கிறது என்று பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டதும், அதற்காகப் பேருந்துப் பணியாளர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டதும் நினைவிருக்கலாம். கனடாவில் இருந்துகொண்டு அந்தச் செய்தியைப் பார்த்து அழுதவள் நான். இப்போது அந்தப் பெண்கள் இருக்கையில் சாய்ந்து, சாளை என்ன விலைக்குப் போனது என்று உரக்கப் பேசிக்கொண்டு வந்ததைக் கேட்க மனம் நிறைந்தது. தனியாகப் போகும் பெண்ணுக்கு இதைவிடப் பாதுகாப்பான துணை எந்த வாடகைக் காரிலும் கிடைக்காது. இரவில் மட்டும் கவனம் வேண்டும்: கடற்கரை ஊர்களுக்குக் கடைசி பஸ் எப்போது என்று நடத்துநரிடமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நிறுத்தங்களில் நேர அட்டவணை எதையும் நான் பார்க்கவில்லை.

விமான நிலையத்திலிருந்து வருவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. திருவனந்தபுரத்தில் இறங்கினால் நாகர்கோவில் சுமார் 70 கிலோமீட்டர். அங்கே தம்பானூர் பேருந்து நிலையத்தில் பஸ் ஏறினால் பாறசாலை, களியக்காவிளை, மார்த்தாண்டம், தக்கலை என்று நெரிசலில் நின்று நின்றுதான் வர வேண்டும். பெட்டி சிறியதாக இருந்தால் ரயிலே மேல்.

கடலைப் பற்றி விரிவாகச் சொல்லியாக வேண்டும். நம் கரை பார்ப்பதற்கு அழகு, இறங்குவதற்கு அல்ல. 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் ஐந்து பேரை அலை கொண்டுபோனது. அந்த நாள்களில் கள்ளக்கடல் எச்சரிக்கை நடப்பில் இருந்தது. கள்ளக்கடல் என்பது இதுதான்: தெற்கே வெகுதொலைவில் இந்தியப் பெருங்கடலில் வீசும் புயலால் எழும் அலை நாள்கணக்கில் பயணம் செய்து நம் கரைக்கு வருகிறது. இங்கே காற்றும் இருக்காது, மழையும் இருக்காது. வானம் தெளிவாக இருக்கும்போதே கடல் பொங்கும். ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் இதை முன்கூட்டியே கணித்துச் சொல்கிறது. மீனவர்களுக்கு அந்தச் செய்தி வந்து சேர்கிறது. வெளியூரிலிருந்து வந்து மணலில் செருப்பைக் கழற்றும் பிள்ளைகளுக்குச் சேர வேண்டாமா? முட்டத்தில் வலை சீராக்கிக்கொண்டிருந்த ஒரு பாட்டி, "மக்கா, இன்றைக்குக் கடல் சரியில்லை, பாறைப் பக்கம் போகாதே" என்று என்னைத் தடுத்தார். அவர் அங்கே இல்லாத நேரத்தில் யார் சொல்வார்கள்? கரைக்கு இறங்கும் ஒவ்வொரு வழியிலும் அன்றன்றைய எச்சரிக்கையை எழுதி வைக்க ஒரு பலகையும், அலை சீறும் நாளில் ஒரு சிவப்புக் கொடியும் கட்டாயம் வேண்டும். தனியாக வருகிறவர்கள் அவசர உதவிக்கான 112, பெண்களுக்கான 181, கடலோரப் பாதுகாப்புக்கான 1093 ஆகிய எண்களைக் கைப்பேசியில் சேமித்துக்கொள்ளுங்கள்.

கழிப்பறை. ஒரு கடற்கரையில் நல்ல கட்டடம் இருந்தது, கதவில் பூட்டு தொங்கியது. சாவி வைத்திருப்பவர் சாப்பிடப் போயிருக்கிறார் என்றார்கள். தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டு வெயிலில் நடந்தேன். கடற்கரையில் நாள் முழுவதும் தோழி ஒருத்தியோடு உட்கார்ந்திருக்க எந்தப் பெண்ணுக்கும் ஆசை இருக்கும். அதைத் தடுப்பது இந்தப் பூட்டுதான்.

விவேகானந்தர் பாறைக்குப் படகு காலை 8 மணிக்குத் தொடங்குகிறது. முதல் படகுக்கே போய்விடுங்கள். பாறையையும் திருவள்ளுவர் சிலையையும் இணைத்து 2024 டிசம்பர் இறுதியில் திறந்த கண்ணாடிப் பாலம் 77 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். முன்பெல்லாம் கடல் உள்வாங்கினால் திருவள்ளுவர் சிலைக்குப் படகு போகாது, பாறையில் நின்றபடியே பார்த்துத் திரும்ப வேண்டியிருந்தது. இப்போது நடந்தே போகலாம். எனக்கு முன்னால் முழங்கால் வலியோடு ஒரு மூதாட்டி மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்து போனார்.

சாப்பாட்டுக்குக் குறையே இல்லை. மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும், காலையில் புட்டும் நம் ஊர் வாழையான மட்டிப்பழமும். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற அந்த மட்டிப்பழத்துக்காகவே இன்னொரு முறை வரலாம். பணத்துக்கு, என்.ஆர்.ஓ. கணக்கு (வெளிநாட்டில் வாழ்பவர்கள் இந்திய வங்கியில் வைக்கும் ரூபாய்க் கணக்கு) இருந்தால் கனடா, சிங்கப்பூர் போன்ற சில நாடுகளின் கைப்பேசி எண்ணிலேயே யூபிஐ வசதி தரும் வங்கிகள் உண்டு. கிளம்பும் முன்பே கேட்டு முடித்துவிடுங்கள். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் கூட்டத்தால் கன்னியாகுமரியில் அறை கிடைப்பதே அரிது. மாசியில் வாருங்கள்.

நாகர்கோவிலில் மதினியைப் பார்க்கப் போயிருந்தேன். முட்டம் பக்கத்திலேயே இருந்தும் அங்கே ஓர் இரவுகூடத் தங்கியதில்லை என்றார். விருந்தினர் இல்லத்தின் எண்ணை எழுதிக் கொடுத்திருக்கிறேன். பள்ளித் தேர்வுகள் முடிந்ததும் அவரும் அவருடைய தங்கையும் போகப் போகிறார்கள்.